என்னிடம் எதையாவது கேளுங்கள்

பாப்பா போன பிறகு என்னை ரொம்ப வாட்டியது என்ன தெரியுமா, யாரும் என்னிடம் எதுவும் கேட்காமல் போனதுதான். அழுகை, தூக்கமில்லாமை, சோறு தொண்டையில் இறங்காதது எல்லாம் இருந்தது, அதெல்லாம் இருக்கும் என்று ஊருக்கே தெரியும், அதற்கு ஆறுதல் சொல்ல ஆட்களும் வந்தார்கள். ஆனால் அதுவரைக்கும் "அக்கா, கொஞ்சம் உறை மோர் இருக்கா", "இந்த ஃபால்ஸை மட்டும் சாயங்காலத்துக்குள்ள அடிச்சுக் குடுங்க", "வேன் வர்றவரைக்கும் இவனைப் பாத்துக்கோங்க" என்று நாள் முழுக்க என் வாசலில் நின்ற தெரு, ஒரே நாளில் கேட்பதை நிறுத்திவிட்டது. பாவம், அவளை ஏன் தொந்தரவு பண்ணுவானேன் என்ற நல்ல எண்ணம்தான், யார் மேலும் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் அந்த நல்ல எண்ணம்தான் என்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது. இதை யாராவது ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும்.

திருச்சி உறையூரில் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார், பள்ளி யூனிஃபார்ம் தைக்கிறேன். வீட்டுக்காரர் துவாக்குடி பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டர். எங்களுக்கு ஒரே பெண். 2015ல், அவளுக்கு ஏழு வயது, காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, கால் வலிக்குது என்று ராத்திரியில் எழுந்து அழுதாள், எங்கேயும் விழாமலே தொடையில் நீலம் நீலமாகக் கன்றியது. ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு லுக்கேமியா என்றார்கள். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோயில் இதுதான் அதிகம், குணமாகிறவர்களும் இதில் நிறைய என்று டாக்டர் சொன்னார். அது உண்மை. வார்டில் எங்களோடு இருந்த பிள்ளைகளில் பலர் இன்றைக்குக் கல்லூரிக்குப் போகிறார்கள். இதைப் படிக்கும் யாருடைய பிள்ளைக்காவது இப்போது வைத்தியம் நடந்துகொண்டிருந்தால், என் கதையை வைத்துத் தயவுசெய்து பயந்துவிடாதீர்கள். எங்கள் பாப்பாவுக்கு, ஊசியெல்லாம் முடிந்து வீட்டிலேயே மாத்திரை கொடுக்கும் கட்டத்தில், நோய் திரும்ப வந்தது. 2017 தீபாவளிக்கு அடுத்த வாரம் போய்விட்டாள்.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். வந்தவர்கள் உட்கார்ந்து, அழுது, சொல்லாமல் எழுந்து போவார்கள். சின்ன வயதிலிருந்து நானும் அப்படித்தான் எழுந்து வந்திருக்கிறேன். ஆனால் பதினாறு நாள் முடிந்த பிறகும் என் வீட்டுக்கு வந்தவர்கள் அப்படியேதான் போனார்கள், வருகிறேன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை, அப்புறம் வரவும் இல்லை. வந்த நாளில் சொன்னதும் எல்லோரும் சொல்வதுதான். காலம் ஆத்தும். சாமிக்குப் பிடிச்ச பிள்ளை, கூட்டிக்கிச்சு. உனக்கு வயசு இருக்கு, இன்னொண்ணு பெத்துக்கோ. இந்தக் கடைசிப் பேச்சை மட்டும் தயவுசெய்து யாரும் யாரிடமும் பேசாதீர்கள். எத்தனை பிள்ளை பிறந்தாலும் அவள் இடத்தில் அவள்தான் இருப்பாள், அது பெத்தவளுக்குத் தெரியும்.

அப்புறம் அடுத்த வருஷம் யூனிஃபார்ம் சீசன் வந்தது. தையல்காரர்களுக்கு ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூனில் பள்ளி திறந்து பத்துப் பதினைந்து நாள் வரைக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. எங்கள் தெருவில் மட்டும் வருஷா வருஷம் ஒரு கட்டுத் துணி வரும். 2018ல் ஒரு பாவாடைகூட வரவில்லை. எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு வேறு கடையில் கொடுத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளை பாவாடையைத் தைக்கும்போது அவளுக்கு மனசு எப்படி இருக்கும் என்று யோசித்திருக்கிறார்கள், சரிதான், யோசிக்கத்தான் செய்வார்கள். ஆனால் எனக்கு என்ன ஆனது பாருங்கள். பாப்பாவும் இல்லை, கையில் வேலையும் இல்லை. பணத்துக்குப் பணமும் போனது, வைத்தியத்துக்கு வாங்கின கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய நேரம் அது. வாசலில் உட்கார்ந்து, பக்கத்துத் தெருக் கடையின் ஸ்டிக்கர் ஒட்டின பைகளோடு எங்கள் தெருப் பிள்ளைகள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் அளவு நோட்டில் பாப்பாவின் அளவு இருக்கிறது. வாடிக்கைக்காரர்கள் பெயருக்கு நடுவில்தான் எழுதி வைத்திருந்தேன்: இடுப்பு 21, நீளம் 18, அதன் கீழே "உள்ளே 3 விடவும்". வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது எல்லாத் தையல்காரர்களும் செய்வதுதான், அடியில் துணியை உள்ளே மடித்து விடுவோம், வருஷம் முடியும்போது பிரித்து இறக்கிக்கொள்ளலாம். மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு அங்குலம் விடுவேன். இவள் சீக்கிரம் வளருவாள் என்று மூன்று. அந்தப் பாவாடை பீரோவில் இருக்கிறது, மடிப்பு பிரிக்காமல். நோட்டையும் நான் மாற்றவில்லை. புது வாடிக்கைக்காரர் பெயர் எழுத அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போகிறேன், அது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

என்னைத் திரும்ப மிஷினில் உட்கார வைத்தது ஒரு அத்தை. சொந்த அத்தை இல்லை, முறைக்கு அத்தை. என் அம்மா வீடு கும்பகோணம் பக்கம். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளியில் சத்துணவு அடுப்பிலிருந்து கூரையில் தீப்பற்றி 94 பிள்ளைகள் செத்துப்போனது தமிழ்நாட்டில் யாருக்கும் மறந்திருக்காது. அதில் அத்தையின் பிள்ளையும் ஒன்று. அந்த ஊரில் இன்றைக்கும் ஒவ்வொரு ஜூலை 16க்கும் பெற்றவர்கள் படத்தையும் பூவையும் எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் கூடுகிறார்கள். பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டத்தையும் வைத்துப் படைப்பார்கள். நான் சின்ன வயசில் அத்தையைக் கலகலப்பான ஆளாகப் பார்த்தவள். அதற்கப்புறம் அவர் பேச்சு குறைந்துபோனது, ஆனால் எங்கே துக்கம் என்றாலும், அதுவும் பிள்ளை போன வீடு என்றால், பஸ் ஏறி வந்துவிடுவார்.

என் வீட்டுக்கு அவர் வந்தது காரியமெல்லாம் முடிந்து, கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு. தண்ணீர் வாங்கிக் குடித்தார். பாப்பா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மஞ்சப்பையிலிருந்து ஒரு ஜாக்கெட் துணியையும் அளவு ஜாக்கெட்டையும் எடுத்து மிஷின் பலகை மேல் வைத்தார்.

"இத தச்சு வையி. கை கொஞ்சம் எறக்கி வையி, எனக்கு இப்ப சதை போட்டிருச்சு."

"அத்தை, நான் இப்ப எதுவும் தைக்கிறதில்ல."

"அவசரமில்லடி. அடுத்த மாசம் கல்யாணம் ஒண்ணுக்குத் திருச்சிக்கு வருவேன், அப்ப வாங்கிக்கிறேன்."

அவ்வளவுதான். கிளம்பும்போது வாசலில் நின்று, வழக்கத்துக்கு மாறாக, "போயிட்டு வரேன்" என்று சொன்னார். துணி அங்கேயே கிடந்தது. நாலைந்து நாள் அதைப் பார்க்காமலே நடந்தேன். அப்புறம் ஒரு நாள் மத்தியானம், அடுத்த மாசம் வந்து கேட்டால் என்ன சொல்வது என்ற கவலையில்தான், லைனிங் துணியை நனைத்துக் காயப் போட்டேன். பாபினில் பாப்பாவின் பாவாடைக்குச் சுற்றின நீல நூல் மிச்சம் இருந்தது. அதைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு வேறு பாபினில் அரக்கு நூல் சுற்றினேன். மிஷின் சத்தம் கேட்டு எதிர் வீட்டு அக்கா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

இந்த எதிர் வீட்டு அக்காவைப் பற்றி எழுதாமல் முடியாது. அவள் பையனும் பாப்பாவும் ஒரே வேனில் போனவர்கள். பாப்பா போன பிறகு அக்கா என் முன்னால் பையன் பெயரை எடுப்பதையே விட்டுவிட்டாள். பையனும் என்னைப் பார்த்தால் வீட்டுக்குள் ஓடிவிடுவான். மற்றவர்களும் அப்படித்தான், நான் கோலம் போடும்போது நாலு பேர் பிள்ளைகளின் சேட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், நான் நிமிர்ந்ததும் பேச்சு தண்ணீர் லாரிக்குத் தாவிவிடும். அவர்கள் பிள்ளைகள் இருப்பதை எனக்குத் தெரியாமல் மறைக்கிற மாதிரி. எனக்கு அது குத்தும். உங்கள் பிள்ளை கணக்கில் முட்டை வாங்கினால் எனக்குத் தெரிய வேண்டாமா, அவன் என் மடியில் படுத்துத் தூங்கினவன்.

இதை உடைத்ததும் அந்த அக்காதான். பையனுக்கு அரைப் பரீட்சையில் இரண்டு பாடம் போய்விட்டது. உறையூர்க்காரர்களுக்குத் தெரியும், எங்கள் வெக்காளியம்மனுக்குத் தலைக்கு மேல் கூரை கிடையாது, வெயிலோ மழையோ அம்மன் அப்படியேதான் உட்கார்ந்திருப்பாள். வேண்டுதலைச் சீட்டில் எழுதி எதிரில் இருக்கும் சூலத்தில் கட்டுவோம். அக்காவுக்கு எழுத வராது. எப்போதும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். அன்றைக்கு ஒரு வெள்ளைத்தாளும் பேனாவுமாக வந்து நின்றவள், நின்றபடியே தயங்கினாள். நானும் அதே சூலத்தில் சீட்டுக் கட்டினவள், என் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்கும் தெரியும், கோயிலுக்கு என் கூட வந்ததே அவள்தானே.

"உன்கிட்ட எப்படிக் கேக்குறதுன்னு தெரியல. வேற யாருகிட்டயும் கேக்க மனசு வரல."

வாங்கி எழுதினேன். அம்மா தாயே, இவனுக்குப் படிப்பில் புத்தியைக் கொடு என்று. எழுதி முடித்து மடிக்கும்போது எனக்கு அழுகை வந்தது, அக்காவுக்கும் வந்தது, இரண்டு பேரும் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதோம். அதற்கப்புறம் அவளுக்கு வாய் ஓயவில்லை. இவன் எழுந்திருக்க மாட்டேங்குறான், செல்லைத் தூக்கி உடைக்கப்போறேன், பல்லு வெளக்குனியான்னு கேட்டா பொய் சொல்றான். தினமும் சாயங்காலம் வந்து ஹெம்மிங் பண்ணிக் கொடுத்துக்கொண்டே புலம்புவாள். அந்தப் புலம்பலுக்கு நடுவில் "பாப்பாவும் இப்படித்தானே, பேஸ்ட்டைத் தின்னுட்டு பல்லு வெளக்கிட்டேம்பா" என்று தானாக வந்து விழும். அதற்காகவே காத்திருப்பேன்.

நான் சொல்வது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சில பெண்களுக்குப் பிள்ளைகளைப் பார்த்தாலே தாங்காது, ஒரு வருஷம், இரண்டு வருஷம் யாரையும் பார்க்கப் பிடிக்காது. அப்படிப்பட்டவளை இழுத்துப் பேச வைக்கக்கூடாது. ஆனால் அவளுக்கும் "இப்ப வேண்டாம்" என்று சொல்கிற உரிமையைக் கொடுங்கள், அவளுக்காக நீங்களே முடிவு பண்ணாதீர்கள். என் சின்ன நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு நடந்தபோது என்னைக் கூப்பிடவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் கையால் வளையல் போட்டால் ஆகாது என்று யாரோ ஒரு பெரிய மனுஷி சொன்னாளாம். அதுகூட எனக்குப் பழகிப்போன பேச்சு. மனசு விட்டுப்போனது எதில் என்றால், அந்தப் பெண்ணின் கல்யாண ஜாக்கெட்டைத் தைத்தவள் நான், வளைகாப்பு ஜாக்கெட் வேறு இடத்தில் தைக்கப் போனது. பிள்ளை செத்தது பெத்தவளின் தோஷம் என்று நினைக்கிற இந்த வழக்கம் ஒழிய வேண்டும், இதில் எனக்கு விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கிடைத்த சிநேகிதம் தனி. சென்னைக்கு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் போவோம், புற்றுநோய் வைத்தியத்துக்குப் போகிற நோயாளிக்கு ஸ்லீப்பரில் டிக்கெட் இலவசம், கூட வருகிறவருக்குக் கால் பங்குதான். அந்தச் சலுகைப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு கரூர்க்கார அக்கா. வார்டில் யாருக்கும் பெயர் கிடையாது, கரூர், பெரம்பலூர், செய்யாறு என்று ஊரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். ஸ்டீராய்டு மாத்திரை போடும்போது பிள்ளைகளுக்கு நடுராத்திரியில் பசிக்கும், முகம் உப்பி, சோறு சோறு என்று அழுவார்கள், அப்போது யாரிடம் இட்லி மிச்சம் இருக்கிறதோ அவர்கள் எழுந்து கொடுப்பார்கள். ரத்த அணு குறைந்து காய்ச்சல் வந்தால் எவள் பிள்ளையாக இருந்தாலும் எல்லோரும் தூங்காமல் உட்கார்ந்திருப்போம்.

கரூர் அக்காவின் மகள் பிழைத்துக்கொண்டாள். பாப்பா போன செய்தி கேட்டு வந்து கட்டிப்பிடித்து அழுத அக்கா, அதற்கப்புறம் போன் பண்ணவில்லை. நான் பண்ணினாலும் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவாள். எனக்குப் புரிந்தது, தன் பிள்ளை இருக்கிறாள் என்பதையே என்னிடம் செய்த குற்றமாக நினைக்கிறாள். 2019 வாக்கில் ஒரு நாள் நானே பஸ் ஏறிக் கரூருக்குப் போய்விட்டேன். அவள் மகளுக்கு முடி நன்றாக வளர்ந்திருந்தது, நான்தான் எண்ணெய் வைத்து ரெட்டை ஜடை பின்னிவிட்டேன். பாப்பா தலையில் பின்னின கை, கீமோவில் முடி கொட்டிய பிறகு பின்னாமலே இருந்த கை. "சித்தி, இறுக்கிப் பின்னாதீங்க, வலிக்குது" என்றாள். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். இப்போது வாரம் ஒரு தடவையாவது பேசிவிடுவோம்.

இங்கிலாந்தில் கோவென்ட்ரி என்ற ஊரில் 1968ல் ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு பையன்கள் அடுத்தடுத்து இறந்துபோயிருக்கிறார்கள். அங்கே இருந்த ஓர் இளம் பாதிரியார், தன்னுடைய ஆறுதலைவிட அந்த இரண்டு வீட்டாரும் ஒருவரிடம் ஒருவர் பேசிக்கொள்வதுதான் அவர்களை நிமிர வைக்கிறது என்று கவனித்து, அதிலிருந்து 1969ல் பிள்ளையை இழந்த பெற்றோருக்கான ஓர் அமைப்பே உருவாகி, இப்போது பல நாடுகளில் இருக்கிறது. அந்தப் பாதிரியார் கண்டதை நான் வார்டிலேயே பார்த்தேன். நம் ஊரில் அதற்கு அமைப்பு வேண்டுமானால் வரட்டும், நல்லதுதான். அதுவரைக்கும் கும்பகோணத்து அத்தை மாதிரி ஆட்கள் பஸ் ஏறி வரவேண்டும்.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆம்பளைகளை யாரும் கேட்பதே இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள்கூட அவரிடம் "அவளைப் பாத்துக்கப்பா" என்றுதான் சொன்னார்கள். பாப்பாவுக்கு பிளேட்லெட் ஏற்ற வேண்டி வரும்போதெல்லாம் பட்டறை ஆட்கள்தான் ஓடி வந்தார்கள். பிளேட்லெட் ஐந்து நாளைக்கு மேல் தாங்காது, சேர்த்து வைக்க முடியாது, தேவைப்படும் நேரத்துக்கு ஆள் வேண்டும். பாப்பா போன அடுத்த வருஷம் அவள் பிறந்த நாளுக்குக் காலையில் அவருடைய சிநேகிதர் ஒருத்தர் வண்டியை வாசலில் நிறுத்தி, "நான் ரத்தம் குடுக்கப் போறேன், தனியாப் போகப் பிடிக்கல, நீ வா" என்று கூப்பிட்டார். வருஷா வருஷம் அன்றைக்குப் போகிறார்கள், இப்போது கூட்டம் சேர்ந்துவிட்டது. நானும் போனேன், ஹீமோகுளோபின் பன்னிரண்டரை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. ஒரு வருஷம் ஆச்சே, இன்னுமா என்று கேட்காதீர்கள். ஆனால் மாசக்கணக்கில் குளிக்காமல், சாப்பிடாமல், நானும் போய்விடுகிறேன் என்று பேசுகிறவளைச் சிநேகிதத்தால் மட்டும் தேற்ற முடியாது, டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். இந்த மாதிரி நீண்டுகொண்டே போகும் துக்கத்தை வைத்தியம் பார்க்க வேண்டிய ஒன்றாக மனநல மருத்துவர்களே இப்போது வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416, அதற்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், பணம் கிடையாது, தமிழில் பேசுவார்கள். நீங்களே போட்டுக் கையில் கொடுங்கள்.

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தது, சுடிதார் தைக்க வரும் ஒரு தங்கச்சி. அவளுடைய சிநேகிதியின் பையன், இருபது வயசு, பைக் விபத்தில் போய்விட்டான். என்ன பேசுறதுன்னே தெரியல அக்கா, அதான் போகாமலே இருக்கேன் என்றாள். பேச வேண்டாம், எதையாவது கேள் என்றேன். அவளுக்கு என்ன நன்றாக வரும் என்று விசாரித்தேன், ஊறுகாய் நன்றாகப் போடுவாளாம். எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு போ, போட்டுக் கொடு என்று கேள், அவள் பையன் பெயரைத் தாராளமாகச் சொல்லிப் பேசு என்று சொல்லி அனுப்பினேன். போயிருக்கிறாள். சிநேகிதி பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றுமே சொல்லவில்லையாம், பழம் அழுகிப்போனதாம். தப்பாக் கேட்டுட்டேனோ அக்கா என்று வந்து நிற்கிறாள். காந்தி மார்க்கெட்டில் இப்போது பழம் மலிவுதான், இன்னொரு கிலோ வாங்கிக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறேன்.